பழைய காரில் மைலேஜ் எங்கே போகிறது?

“வண்டி பழசாயிடுச்சு சார், இனிமே இவ்வளவுதான் கொடுக்கும்.” பழைய கார் வைத்திருக்கும் யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. வயதானால் நமக்கு மூச்சு வாங்குகிற மாதிரி காருக்கும் வாங்கும் என்று நாமும் நம்பிவிடுகிறோம். என்னிடம் இருப்பது 2006-ஆம் வருட ஆல்டோ. திருச்சி ஊருக்குள்ளும் புறவழிச்சாலையிலுமாக லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 12-க்கு வந்தபோது நானும் வயதின் மேல்தான் பழி போட்டேன். பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்ததில் 15-க்குத் திரும்பி வந்தது. எஞ்சினைப் பிரிக்கவில்லை, மைலேஜ் ஏற்றும் கருவி என்று எதையும் மாட்டவில்லை. வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று விஷயங்களை விடுவித்தேன், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு உதவும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. அதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெறும் சூடாக வெளியே போய்விடும். இது எந்த பெட்ரோல் எஞ்சினுக்கும் உள்ள இயல்பு, புது வண்டியிலும் பெரிதாக மாறாது. மிச்சமுள்ள சுமார் 2 யூனிட்தான் சக்கரத்துக்கு வருகிறது. அந்த 2 யூனிட்டை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்: டயர் உருள்வதில் உள்ள இழுவை, எதிர்க்காற்று, பிரேக். பழைய காரில் மைலேஜ் குறைகிறது என்றால், ஒன்று எஞ்சின் தேவைக்கு மேல் குடிக்கிறது, இல்லை இந்த மூவரில் யாரோ கூடுதலாகப் பங்கு கேட்கிறார்கள். யார் என்று தெரிந்துகொள்ளாமல் செலவு செய்வதுதான் நாம் வழக்கமாகச் செய்கிற தப்பு.

முதலில் அளந்து பாருங்கள்

500 ரூபாய்க்குப் போட்டேன், இத்தனை கி.மீ. ஓடியது என்று சொல்வது அளவே கிடையாது. டேங்கில் ஏற்கெனவே எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு மிச்சம் என்பது அதில் தெரியாது. பெட்ரோல் முள்ளை நம்பியும் பயனில்லை.

சரியான வழி, டேங்குக்கு டேங்க். பெட்ரோல் பங்கில் நாசில் தானாகக் ‘டக்’ என்று நிற்கும் வரை நிரப்பச் சொல்லுங்கள். அதற்கு மேல் தட்டித் தட்டி ஊற்ற விடாதீர்கள். மீட்டரில் உள்ள கி.மீ.யைக் குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் கால்வாசிக்கு வரும் வரை வழக்கம்போல ஓட்டுங்கள். பிறகு அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். இப்போது பில்லில் வரும் லிட்டர்தான் நீங்கள் எரித்தது. 411 கி.மீ. ஓடி 27.4 லிட்டர் போட்டிருந்தால் மைலேஜ் 15. ஒரு டேங்கை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், மூன்று டேங்கின் சராசரியைப் பாருங்கள். நான் டாஷ்போர்டு அறையில் 40 பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். அது இல்லாமல் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் நான் கண்டுபிடித்திருக்க முடியாது.

வண்டி வாங்கும்போது விளம்பரத்தில் பார்த்த எண்ணோடு ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம். அது ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, வகுத்துவைத்த ஒரே மாதிரி வேகங்களில் எடுத்த எண். சத்திரம் பேருந்து நிலையத்து நெரிசல் அதில் கிடையாது. உங்கள் வண்டியை அதன் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

தள்ளிப் பாருங்கள்

இது காசு செலவில்லாத சோதனை. சமதளமான தெருவில் எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்னால் நின்று தள்ளுங்கள். ஸ்டியரிங்கில் ஒருவர் உட்கார்ந்திருப்பது முக்கியம். ஆல்டோ ஏறக்குறைய 720 கிலோ. ஆனாலும் நல்ல டயரில், தார் ரோட்டில் அதை உருட்டிக்கொண்டே இருக்க, 10 கிலோ அரிசிப் பையைத் தூக்குகிற பலம் போதும். கிளப்பும்போது கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், பிறகு தானே போகும். ஒரு ஆளால் முடியவில்லை, கையை எடுத்ததும் வண்டி ‘கப்’பென்று நின்றுவிடுகிறது என்றால் எங்கோ பிடிக்கிறது என்று அர்த்தம்.

என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி தள்ளிப் பார்த்துவிட்டு, “அண்ணே, ஹேண்ட் பிரேக்கை விட்டீங்களா?” என்று கேட்டான். நெம்புகோல் கீழேதான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமயபுரம் வரை போய்த் திரும்பினேன், பிரேக்கை அதிகம் மிதிக்காமல். வீட்டுக்கு வந்ததும் புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் ரிம்முக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன் சக்கரங்கள் கொஞ்சம் கூடுதலாகச் சுடுவது இயல்பு, பிரேக்கின் பெரும் பங்கு வேலை அங்கேதான் நடக்கிறது. அதனால் முன்னையும் பின்னையும் ஒப்பிடக் கூடாது; இடதையும் வலதையும் ஒப்பிட வேண்டும். வலது பின்சக்கரம் வெதுவெதுப்பாக இருந்தது. இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கை வைக்க முடியவில்லை, லேசாகக் கருகல் வாசனை வேறு.

மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்து, ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் அரைச் சுற்றிலேயே ‘சர்ர்’ என்று உரசி நின்றது. ஹேண்ட் பிரேக் கேபிளின் உறைக்குள் துரு ஏறி, நெம்புகோலை இறக்கினாலும் கேபிள் முழுசாகத் திரும்பாமல் இருந்திருக்கிறது. எத்தனை மாதமாகவோ, ஒரு காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டிய மாதிரி. கேபிளை மாற்றி, டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஷூவைச் சரிசெய்ததற்கு ஆன செலவு பாதி டேங்க் பெட்ரோல்கூட இல்லை. அடுத்த மூன்று டேங்கின் சராசரி 13.6.

முன்சக்கரத்தில் இதே கோளாறு, பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் வரும்: பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்னோ இறுகிப்போய் பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மழையில் நின்ற வண்டி, மாதக்கணக்கில் ஓடாமல் ஷெட்டில் கிடந்த வண்டி இரண்டிலும் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

டயர் காற்றைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தாறு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் போவது ஓரிரு சதவீதம்தான். ஆனால் டயரின் ஓரங்கள் தேய்வதும், நெடுஞ்சாலையில் சூடேறி வெடிக்கும் ஆபத்தும் அதைவிடப் பெரியவை. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஸ்டிக்கராகவோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். காலையில், வண்டி ஓடி சூடாவதற்கு முன்னால் பாருங்கள். மைலேஜுக்காக அதற்கு மேல் ஏற்றினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், மழையில் பிரேக் சரியாகப் பிடிக்காது.

வால்வைக் கழற்றிய கதை

இரண்டாவது காரணம் எனக்குத் தெரிந்தபோது நிஜமாகவே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் நல்ல எண்ணத்தில் செய்த வேலை அது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டி சூடாகிறது என்று விட்டேன். அங்கே தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டார்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்? குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் இது வேணும்” என்றார் மெக்கானிக். வெகு காலமாக நம் ஊரில் உலவுகிற நம்பிக்கை இது. பழைய வண்டிகள் நிறையவற்றில் அந்த வால்வு இன்று இருக்காது.

அந்த வால்வு என்ன செய்கிறது? எஞ்சினுக்குள் சுற்றும் கூலன்ட் தண்ணீர் ஒரு சூட்டை எட்டும் வரை, பெரும்பாலும் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வரை, அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்துவைக்கிறது. எஞ்சின் சீக்கிரம் வேலைச் சூட்டுக்கு வருவதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வால்வு இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே தண்ணீர் ரேடியேட்டர் வழியாகப் போய் ஆறிக்கொண்டே இருக்கும். வெளியே 38 டிகிரி வெயிலாக இருக்கலாம். எஞ்சினுக்கு 38 டிகிரி என்பது குளிர்.

எஞ்சின் குளிர்ந்திருந்தால் உள்ளே போகும் பெட்ரோல் முழுசாக ஆவியாகாது. அதனால் எம்பிஎஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதிலாக, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் வகை) கூலன்ட் சென்சாரின் அளவைப் பார்த்து, ஈசியூ என்கிற அந்தக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கச் சொல்லும். சாதாரணமாக முதல் ஓரிரு கி.மீ.யில் முடிய வேண்டிய இந்தக் கூடுதல், வால்வு இல்லாத வண்டியில் நெடுஞ்சாலைக் காற்று பட்டுக்கொண்டே போகும்போது முடியாமலே தொடரும். ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் போய்ச் சேரும். மைலேஜும் போகிறது, எஞ்சின் ஆயுளும் போகிறது.

உங்கள் வண்டியில் வால்வு இருக்கிறதா என்று கையாலேயே பார்க்கலாம். காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வால்வு சரியாக இருந்தால் சில நிமிடம் ஹோஸ் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு திடீரென்று சுட ஆரம்பிக்கும். வால்வு இல்லை என்றால் முதலிலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறும். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும், அதனால் கையையும் துண்டு, சேலைத் தலைப்பையும் தள்ளி வையுங்கள். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வால்வு போட்ட பிறகு வண்டி சூடாகிறது என்றால், குற்றம் ரேடியேட்டர் அடைப்பிலோ ஃபேனிலோ தண்ணீர் பம்பிலோ இருக்கிறது. அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

எஞ்சின் பக்கம் வேறு என்ன பார்க்கலாம்? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. கரி படிந்து கன்னங்கறுப்பாக இருந்தால் எஞ்சின் பெட்ரோலை அளவுக்கு மேல் குடிக்கிறது. கார்புரேட்டர் வண்டி என்றால் சோக் கேபிள் முழுசாகத் திரும்புகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில், ஒரு லட்சம் கி.மீ. தாண்டி அதுவரை மாற்றாத ஆக்ஸிஜன் சென்சார் என்றால் அதைச் சந்தேகிக்கலாம். எரிந்து முடிந்த புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை வைத்து ஈசியூவுக்குக் கணக்குச் சொல்வது அதுதான். அது சோம்பிவிட்டால் ஈசியூ குத்துமதிப்பாகத் தெளிக்கும்.

ஏர் ஃபில்டர் பற்றி ஒரு திருத்தம். அழுக்கு ஃபில்டர் மைலேஜைக் குறைக்கும் என்பது கார்புரேட்டர் காலத்தில் சரி. எம்பிஎஃப்ஐ வண்டியில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப பெட்ரோலை ஈசியூ குறைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்தபோதும், இத்தகைய வண்டிகளில் ஃபில்டர் அடைப்பால் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை, வண்டி வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. ஃபில்டரை மாற்றுங்கள், எஞ்சினுக்கு நல்லது. மைலேஜ் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒவ்வொரு பிரேக்குக்கும் மூன்று டீஸ்பூன்

வண்டியை எவ்வளவு சரிசெய்தாலும், மிச்சம் இருப்பது நம் வலது கால்தான். 60 கி.மீ. வேகத்தில் போகும் ஆல்டோவில், ஓட்டுநரையும் சேர்த்து 800 கிலோ ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் உள்ள ஆற்றலை ஏற்படுத்த எஞ்சின் ஏறக்குறைய 15 மில்லி பெட்ரோல் எரித்திருக்கும். சமையலறைக் கணக்கில் மூன்று டீஸ்பூன். சிக்னலில் பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அந்த மூன்று டீஸ்பூனில் கிடைத்த ஓட்டமெல்லாம் பிரேக்கில் சூடாகிக் காற்றில் போய்விடும். பச்சை விழுந்ததும் இன்னொரு மூன்று டீஸ்பூன். வேகம் 40 என்றால் பாதிக்கும் குறைவு, 80 என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிற கணக்கு இது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ரோடே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. முன்னால் போகிற வண்டியைப் பார்க்காமல், அதற்கு முன்னால் உள்ள இரண்டு மூன்று வண்டிகளையும், தூரத்து சிக்னலையும், அடுத்த ஸ்பீட் பிரேக்கரையும் பார்க்கப் பழகினேன். சிவப்பு என்று தெரிந்ததும் கியரிலேயே வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். எம்பிஎஃப்ஐ எஞ்சினில், சூடான நிலையில், எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 1,500-க்கு மேல் இருந்தால் அந்த நேரத்தில் பெட்ரோல் தெளிப்பு அடியோடு நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் உருட்டினால் எஞ்சின் அணையாமல் இருக்கவாவது பெட்ரோல் எரிந்தாக வேண்டும். நியூட்ரலில் மிச்சம் பிடிப்பது என்பது இந்த வண்டிகளில் நடக்காத காரியம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலோ வால்பாறையின் 40 வளைவிலோ அப்படி இறங்குவது உயிருக்கே ஆபத்து. எஞ்சினின் பிடி இல்லாமல் பிரேக் மட்டும் தாங்கினால், அது சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போகும். மலையில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

நின்றபடி எஞ்சின் ஓடினால் சின்ன கார் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசி போட்டால் இன்னும் கூடும். ரயில்வே கேட் மூடியிருந்தால் அணைத்துவிடுவது நல்லது. பேட்டரி தள்ளாடுகிற வண்டி என்றால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள்.

நெடுஞ்சாலையில் எதிரி காற்று. 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். திருச்சியிலிருந்து சென்னை சுமார் 330 கி.மீ.; இரண்டு வேகத்துக்கும் நேர வித்தியாசம் கணக்குப்படி 50 நிமிடம். அந்த 50 நிமிடத்தை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன், இருபது வயது வண்டிக்கு அது பாதுகாப்பும்கூட. கோயில் பயணத்துக்கு மாட்டிய மேல் கேரியரைத் திரும்பி வந்ததும் கழற்றிவிடுங்கள். டிக்கியில் கிடக்கும் சாமான்களைவிட அதுதான் அதிகம் தின்னும். ஏசியைப் பற்றி யாருக்கும் அறிவுரை சொல்ல மாட்டேன், சித்திரை வெயிலில் அது ஆடம்பரம் இல்லை. வெயிலில் நின்ற வண்டி என்றால் கண்ணாடியை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி, அனல் வெளியேறிய பிறகு போடுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டி ஏசியை மிச்சம் பிடிப்பதில் பெரிய லாபம் இல்லை.

திரும்பி வராத ஒரு கி.மீ.

கேபிளும் வால்வும் காலும் சரியான பிறகு நோட்டில் 15 நின்றது. 16 வரவில்லை. அந்த ஒன்று பெட்ரோலிலேயே போகிறது. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்கு ட்யூன் செய்த கார்களில் இந்த இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம் எரிபொருள் சிக்கனம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. 16-இல் 6 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஒரு கி.மீ. இதற்கு நம்மால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஆனால் பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். பழைய ரப்பரை எத்தனால் ஊறவைத்து விரிசல் விடச் செய்யும். பெட்ரோல் கசிவது மைலேஜ் பிரச்சினை மட்டுமல்ல, தீ பிடிக்கும் பிரச்சினை.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை போன்றவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். கார்புரேட்டரில் சின்ன ஜெட் போட்டு மைலேஜ் ஏற்றித் தருகிறேன் என்றாலும் வேண்டாம். பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரிந்து எஞ்சின் வால்வைக் கருக்கும்.

எல்லாம் பார்த்தும் மைலேஜ் ஏறவில்லை, சைலன்சரில் நீலப் புகை வருகிறது, ஆயில் குறைந்துகொண்டே இருக்கிறது என்றால் எஞ்சின் உள்ளே தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும். அந்த நிலையில் எஞ்சின் வேலை செய்வதா வேண்டாமா என்பதற்கும் நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு, மைலேஜ் 13-லிருந்து 16-க்கு ஏறினால் மிச்சமாவது 115 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 11,500 ரூபாய். ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் தொகையை அதால் வகுத்தால் எத்தனை வருடத்தில் அந்தக் காசு திரும்பும் என்று தெரியும். அத்தனை வருடம் அந்த வண்டியை வைத்திருப்பீர்களா என்பது உங்களுக்கும் வண்டியின் அடுத்த எஃப்சிக்கும்தான் தெரியும்.